சாவி யார் கையில்?

புதிதாக வாங்கிய ஆண்ட்ராய்டு கைப்பேசியை 'ரூட்' செய்யலாமா, கூடாதா என்று ஒத்தக்கடையிலுள்ள நமது நேயர் சிலர் நம்மை வினவியிருக்கின்றனர். தேசத்தின் பெரிய பிரச்னைகள் பல காத்துக் கிடக்கையில், ஒரு கைப்பேசியைப் பற்றித் தலையங்கப் பக்கத்தில் எழுதுவது தகுமா என்று எண்ணுவோர் இருக்கக்கூடும். தகும் என்பதே நமது அபிப்பிராயம். கேட்கப்பட்டது ஒரு கருவியின் உபயோகத்தைப் பற்றியதாயினும், அதனுள் அடங்கிய கேள்வி பெரிது. பணம் கொடுத்து, ரசீது பெற்று, சட்டைப் பையில் வைத்துக்கொண்ட ஒரு பொருளுக்கு உடையவன் யார்? வாங்கியவனா, செய்து விற்ற கம்பெனியா? இதற்கு விடை காணாமல் முன்னதற்கு விடை கூற இயலாது.

ஒத்தக்கடையிலிருந்து இவ்வினா எழுந்தது வியப்பன்று. மதுரையிலிருந்து மேலூர் செல்லும் சாலையில், யானைமலையின் அடியில் உள்ளது இவ்வூர். வேளாண்மைக் கல்லூரி 1965-லும், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004-லும் இதன் அருகே ஏற்பட்டன. மாணவர், வக்கீல், குமாஸ்தா, விவசாயி, வியாபாரி ஆகிய எல்லோரும் வந்து கலக்கும் இடம் இது. வழக்கின் தேதி, வங்கிக் கணக்கு, கட்சிக்காரரின் கடிதம், குழந்தையின் படம், டீக்கடைக்குக் கொடுக்க வேண்டிய சில்லறை ஆகிய யாவும் இன்று ஒரே கைப்பேசியில் அடங்கிவிட்டன. அக்கருவியின் மீது யாருக்கு அதிகாரம் என்பது ஆகவே வெறும் பொழுதுபோக்கு விசாரணையாகாது.

முதலில் விஷயத்தை விளக்குவோம். ஆண்ட்ராய்டு அமைப்பின் மையத்தில் இருப்பது லினக்ஸ். லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் பின்லாந்து தேசத்தில் மாணவராயிருக்கையில் 1991-ல் வெளியிட்டது அது. அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிசாலையில் 1969-ல் தோன்றிய யூனிக்ஸின் முறையைத் தழுவியது. இம்முறையில் எல்லாக் கட்டளைகளையும் இடவல்ல அதிகாரிக்கு 'ரூட்' என்று பெயர். அவருக்குரிய எண் 0. மற்றவர் யாவரும் அவ்வதிகாரி வகுத்த எல்லைக்குள்ளேயே நடமாட வேண்டும். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனி எண்ணும் தனித்தனி அறையும் உண்டு. ஒன்றன் அறைக்குள் மற்றொன்று நுழைய முடியாது. கைப்பேசியை விலைக்கு வாங்கியவரோ அவ்வீட்டில் குடியிருக்கலாம், சுவருக்கு வண்ணம் பூசலாம். ஆனால் நிலவறையின் சாவி அவரிடம் தரப்படுவதில்லை. அச்சாவியைத் தாமே அடைவதற்குத்தான் ரூட் செய்தல் என்று பெயர்.

அதனை அடையும் வழி எவ்வாறு? மின்சாரம் பாய்ந்தவுடன் முதலில் விழித்தெழும் சிறு புரோகிராமுக்குப் பூட்லோடர் என்று பெயர். கம்பெனியின் முத்திரை பொருந்திய அமைப்பை மட்டுமே அது எழுப்பிவிடும். அதன் பூட்டைத் திறக்கும்போது கைப்பேசியிலுள்ள தகவல்கள் யாவும் அழிக்கப்படும். திருடன் பூட்டைத் திறந்து உடையவரின் கடிதங்களைப் படித்துவிடாமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. பூட்டைத் திறந்தபின் கம்ப்யூட்டருடன் இணைத்து, அமைப்பை எழுப்பும் படிமத்தை மாற்றி ஏற்ற வேண்டும். இதற்கு இப்பொழுது பெரிதும் வழங்குவது 2016-ல் ஜான் வூ என்பார் வெளியிட்ட மேஜிஸ்க் என்னும் கருவி. அதனை இயற்றியவரையே 2021-ல் கூகிள் கம்பெனி தனது ஆண்ட்ராய்டு பாதுகாப்புப் பிரிவில் உத்தியோகத்துக்கு அமர்த்திக்கொண்டது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். பூட்டைத் திறக்கத் தெரிந்தவர் யாவரும் கள்வர் என்ற எண்ணம் கம்பெனிகளுக்கே இல்லை போலும்.

கம்பெனிகளின் போக்கு ஒரே மாதிரியாகவும் இல்லை. கூகிள் தானே விற்கும் பிக்ஸல் கைப்பேசிகளில் பூட்டைத் திறக்க வழி வைத்திருக்கிறது. ஷியோமி, தன்னிடம் கணக்கைப் பதிந்து, குறித்த காலம் காத்திருக்கச் செய்திருக்கிறது. ஹூவாவே 2018-ல் திறப்புக் குறிகளை வழங்குவதையே நிறுத்திவிட்டது. ஒரே அமைப்பு, ஒரே பெயர். ஆனால் உரிமை மட்டும் கடைக்குக் கடை வேறு.

ரூட் செய்ய வேண்டும் என்போரின் கட்சியில் நியாயம் இல்லையென்று நாம் கூறமாட்டோம். புதிய கைப்பேசியைத் திறந்தால் நாம் கேளாத செயலிகள் பல முன்னரே குடியேறியிருக்கின்றன. அவற்றுட் சில இடத்தையும் மின்கலத்தையும் உண்கின்றன. சில விளம்பரம் காட்டுகின்றன. சிலவற்றை எவ்வளவு முயன்றாலும் முற்றும் நீக்க முடிவதில்லை. கருவி நல்ல நிலையில் இருக்கும்போதே கம்பெனி அப்டேட் அனுப்புவதை நிறுத்திவிடுகிறது. உடையவர் புதிதாக வாங்க வேண்டியவராகிறார். இத்தகைய கைவிடப்பட்ட கருவிகளுக்கு உயிர் கொடுத்தவர் சம்பளமில்லாத தொண்டர்களே. 2009-ல் தோன்றிய சயனோஜென்மாட் என்னும் முயற்சியும், அது 2016-ன் இறுதியில் ஓய்ந்ததும் அதன் வழித்தோன்றலாக எழுந்த லினியேஜ் ஓ.எஸ். என்னும் முயற்சியும் அத்தகையவை.

தமிழருக்கு இவ்விஷயத்தில் ஒரு தனி அனுபவமும் உண்டு. அதனை இன்றைய இளைஞர் பலர் அறியார். 2010-ஐ ஒட்டி வந்த ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்தே கிடையாது. தமிழில் வந்த செய்தி வரிசை வரிசையாக வெற்றுக் கட்டங்களாய்த் தெரிந்தது. எழுத்துருக்கள் வைக்கப்பட்டிருந்த இடமோ பூட்டிய அறை. ஆதலின், ரூட் செய்து தமிழ் எழுத்துருவைத் தாமே உள்ளே கொண்டுபோய் வைத்தவர் அந்நாளில் உண்டு. வைத்த பிறகும் கொம்பும் காலும் இடம் மாறி நின்று படிப்போரைத் திகைக்கச் செய்தன. பின்னர் வந்த ஆண்ட்ராய்டில் தமிழ் இடம் பெற்றது. இன்று அக்குறை இல்லை. ஆயினும், தன் பணத்தில் வாங்கிய கருவியில் தன் தாய்மொழியைப் படிப்பதற்கு ஒருவன் பூட்டை உடைக்க வேண்டியிருந்தது என்பதை மறக்கலாகாது. சாவி பிறர் கையில் இருந்தால், நமது தேவையை உணரும் வரை நாம் காத்திருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

இக்குறை கற்பனையன்று என்பதை இந்தியாவின் போட்டி ஆணையமே கண்டறிந்தது. 2022 அக்டோபர் 20-ல் அவ்வாணையம் கூகிளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தன் செயலிகளை மொத்தமாக ஏற்றியே தீர வேண்டும், அவற்றை நீக்க வழியிருத்தலாகாது என்று கைப்பேசிக் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தியது நியாயமற்ற நிபந்தனை என்பது அவ்வுத்தரவின் சாரங்களுள் ஒன்று. மேல்முறையீட்டில், 2023 மார்ச் 29-ல், தேசியக் கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது; ஆனால் ஆணையம் இட்ட கட்டளைகளுள் நான்கை நீக்கிவிட்டது. முன்னரே ஏற்றிய கூகிள் செயலிகளை உபயோகிப்பவர் நீக்குவதைத் தடுக்கலாகாது என்ற கட்டளை அந்நான்கில் ஒன்று! அபராதம் நின்றது, வாங்கியவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய உரிமை போயிற்று.

கம்பெனிகளை மட்டும் குறை கூறிப் பயனில்லை. 2025 நவம்பர் 28-ல் மத்திய சர்க்காரின் தொலைத்தொடர்பு இலாகா, சஞ்சார் சாத்தி என்னும் செயலியைப் புதிய கைப்பேசிகள் யாவற்றிலும் முன்னரே ஏற்ற வேண்டும் என்று கம்பெனிகளுக்குக் கட்டளையிட்டது. களவு போன கைப்பேசியைக் கண்டுபிடிக்க உதவும் செயலிதான் அது. நோக்கத்தை நாம் பழிக்கவில்லை. ஆயினும் பிரஜையின் பையிலுள்ள கருவியில் அவனைக் கேளாமல் ஒன்றைக் குடியேற்றும் அதிகாரத்தை எவரும் ஒப்பவில்லை. எதிர்ப்பு எழுந்தது, டிசம்பர் 3-ல் கட்டாயம் வாபஸ் பெறப்பட்டது. பூட்டும் சாவியும் பிறரிடம் இருக்கும் வரையில், இன்று ஒருவர், நாளை ஒருவர் உள்ளே நுழைய எண்ணுவது இயல்பே.

இவ்வளவையும் கூறியபின், "ஆகையால் உடனே ரூட் செய்க" என்று முடிப்போம் என நேயர்கள் எதிர்பார்க்கலாம். அவ்வாறு முடிக்க நமக்கு மனம் வரவில்லை. காரணங்களைக் கூறுவோம்.

முதலாவது பாதுகாப்பு. சாவி உடையவருக்கு மட்டும் கதவைத் திறப்பதில்லை. 2011 மார்ச்சில் ட்ராய்ட்ட்ரீம் என்ற நச்சுப் புரோகிராம், கூகிளின் சொந்தக் கடையிலேயே ஐம்பதுக்கு மேற்பட்ட செயலிகளில் ஒளிந்து வந்தது. உடையவர் அறியாமல் அவருடைய கைப்பேசியில் ரூட் அதிகாரத்தைக் கைப்பற்றுவதே அதன் தந்திரம். அந்நாளில் அது அமைப்பிலிருந்த ஓட்டையைத் தேடி நுழைய வேண்டியிருந்தது. ரூட் செய்த கைப்பேசியிலோ, அனுமதி கேட்கும் சிறு பெட்டியில் உடையவர் ஒரு முறை கவனமின்றி 'சரி' என்று தொட்டுவிட்டாற் போதும். அறைகளுக்கு இடையேயுள்ள சுவர்கள் அச்செயலிக்கு இல்லாதனவாகின்றன. கல்யாணப் பத்திரிகை என்றும், வங்கி அறிவிப்பு என்றும் பெயரிட்டு வாட்ஸப்பில் வரும் மோசடிச் செயலிகளால் பணம் இழந்தோரின் கதைகள் நாள்தோறும் வருகின்றன. இத்தகைய காலத்தில் சுவரை இடிப்பவர் காவலையும் தாமே மேற்கொள்ள வேண்டும்.

இரண்டாவது பணம். 2016-ல் தொடங்கிய யுபிஐ முறையில், 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் 2,000 கோடிக்கு மேற்பட்ட பரிமாற்றங்கள் நடந்தன. ஒத்தக்கடையில் காய்கறி விற்பவர் முதல் வக்கீல் குமாஸ்தா வரை அதனை நம்பியிருக்கின்றனர். வங்கிச் செயலிகளோ, கைப்பேசி ரூட் செய்யப்பட்டதா என்று சோதிக்கின்றன. ரிசர்வ் வங்கி 2021 பிப்ரவரியில் வெளியிட்ட டிஜிட்டல் பணப் பரிமாற்றப் பாதுகாப்பு விதிகள், ரூட் செய்த கருவியைக் கண்டறிந்து செயலியை இயங்கவிடாமல் தடுப்பதற்கான வழியை ஆராயுமாறு வங்கிகளுக்குக் கூறின. கூகிளும் ப்ளே இன்டெக்ரிட்டி என்ற சோதனையைச் செயலி இயற்றுவோருக்கு அளித்திருக்கிறது. இச்சோதனைகளை ஏமாற்றும் யுக்திகள் உண்டு. ஆயினும் இன்று பலிக்கும் யுக்தி நாளை பலிக்கும் என்பதற்கு உறுதியில்லை. மருத்துவமனை வாயிலில் நின்றுகொண்டு, பணம் போகவில்லையே என்று திகைக்கும் நிலையை எவரும் வலிய வரவழைத்துக்கொள்ள வேண்டுவதில்லை.

மூன்றாவது, சட்டம் பயின்றவர் என்ற முறையில் நாம் மிகவும் வற்புறுத்த விரும்புவது. கணக்கிலிருந்து பணம் களவு போனால் நஷ்டம் யாரைச் சேரும் என்பது பற்றி ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ல் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. குற்றம் வங்கியிடமும் இல்லாமல், வாடிக்கைக்காரரிடமும் இல்லாமல் வேறெங்கோ இருந்து, மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிக்கப்பட்டால் வாடிக்கைக்காரருக்கு நஷ்டமில்லை; அவருடைய கவனக்குறைவால் நேர்ந்ததாயின், வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான நஷ்டம் முழுதும் அவரையே சேரும் என்பது அதன் தத்துவம். கவனக்குறைவை நிரூபிக்கும் பாரம் வங்கியின் மேல் வைக்கப்பட்டது. ரூட் செய்த கைப்பேசியை வைத்திருப்பவர், அப்பாரத்தைச் சுமக்க வங்கி வக்கீலுக்குத் தாமே தோள் கொடுத்தவராவார். களவுக்கும் ரூட்டுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லாமலே இருக்கலாம். ஆயினும் வங்கி அவ்வாதத்தைக் கையில் எடுக்காது என்று நம்ப இடமில்லை.

வக்கீல் நண்பர்களுக்கு மற்றொன்றும் நினைவூட்டுவோம். கட்சிக்காரர் நம்பிக் கூறியதை வெளியிடலாகாது என்ற கடமை, பழைய சாட்சியச் சட்டத்தின் 126-ஆவது பிரிவில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 132-ஆவது பிரிவில் இருக்கிறது. தம் சொந்த இரகசியத்தைப் பணயம் வைக்க ஒருவருக்கு உரிமையுண்டு. கட்சிக்காரரின் இரகசியத்தைப் பணயம் வைக்க உரிமையில்லை.

நான்காவது, திரும்ப முடியாத மாற்றம். சாம்சங் கைப்பேசிகளில் நாக்ஸ் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டுக்கென ஒரு மின்உருகி உண்டு. முத்திரையில்லாத அமைப்பை ஏற்றினால் அது எரிந்துவிடும். பழைய அமைப்பையே திரும்ப ஏற்றினாலும் அது மீளாது. அதன் பின் சில வசதிகள் அக்கருவிக்கு என்றும் இல்லை. வாரண்டியும் சந்தேகத்துக்குள்ளாகிறது. ஒலிபெருக்கி பழுதானதற்கும் ரூட் செய்ததற்கும் என்ன சம்பந்தம் என்று 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைக் கையிலேந்தி மாவட்ட ஆணையத்தில் வாதிக்கலாம். வாதம் நல்ல வாதமே. ஆனால் பழுது பார்க்கும் சிறு செலவுக்காக எத்தனை பேர் வாய்தா வாய்தாவாக அலைவர்?

ரூட் செய்வது குற்றமா என்று சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்துக்குக் காரணம் காணோம். 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, பதிப்புரிமையை மீறும் உத்தேசத்தோடு காப்புப் பூட்டை உடைப்பவரையே தண்டிக்கிறது. தம் கருவியைத் தம் தேவைக்குத் திறப்பவருக்கு அவ்வுத்தேசம் ஏது? தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆவது பிரிவோ, கம்ப்யூட்டரின் உடையவர் அல்லது அதன் பொறுப்பில் இருப்பவரது அனுமதியின்றி அதில் நுழைவதைத் தடுக்கிறது. கைப்பேசியின் உடையவர் யார்? ரசீது யார் பேரில் இருக்கிறதோ அவரே. அமெரிக்காவிலும் 2010 ஜூலையில், ஸ்மார்ட்போனின் பூட்டை இவ்வாறு திறப்பதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு அளிக்கப்பட்டது. ஆகவே உரிமை இருக்கிறது. இப்பொழுது, புதிய கருவியில் அதனைச் செலுத்துவது விவேகமா என்பதே கேள்வி.

உரிமையைச் செலுத்துமுன் தேவையை அளந்து பார்க்க வேண்டும். ரூட் வேண்டும் என்போரில் பலர் நாடுவது மூன்றே: வேண்டாத செயலிகள் தொலைய வேண்டும், விளம்பரம் ஒழிய வேண்டும், கூகிள் கடைக்கு வெளியேயுள்ள நல்ல செயலிகள் கிடைக்க வேண்டும். இம்மூன்றுக்கும் ரூட் தேவையில்லை. டெவலப்பர் வசதிகளைத் திறந்து, கம்ப்யூட்டருடன் இணைத்து, ஏடிபி என்னும் கருவியின் மூலம் பல செயலிகளை நமது கணக்கிலிருந்து அகற்றிவிடலாம். முன்பின் தெரியாத பெயர்களைத் தொடாதிருப்பது நலம். ஆண்ட்ராய்டு 9 முதல் உள்ள பிரைவேட் டிஎன்எஸ் வசதியில், விளம்பரத் தளங்களைத் தடுக்கும் சேவை ஒன்றின் பெயரைக் குறித்துவிட்டால் விளம்பரங்களிற் பெரும்பகுதி நின்றுவிடும். 2010 முதல் நடந்துவரும் எஃப்-ட்ராய்ட் என்ற களஞ்சியத்தில் கட்டற்ற மென்பொருட்கள் கிடைக்கின்றன. இவற்றைச் செய்தபின்னும் ரூட் தேவைப்படுவோர் சிலரே எஞ்சுவர்.

அச்சிலருக்கும் மற்றவர்க்கும் நமது தீர்ப்பு இது. வங்கிக் கணக்கும் தொழிலும் குடியிருக்கும் ஒரே புதிய கைப்பேசியை ரூட் செய்ய வேண்டாம். கம்பெனி கைவிட்ட பழைய கைப்பேசி ஒன்று மேசை அறையில் உறங்குமானால், அதனை எடுத்துத் தாராளமாக ரூட் செய்க, லினியேஜ் ஏற்றுக, கற்றுக்கொள்க. கல்லூரி மாணவருக்கு அதைவிட நல்ல பாடசாலை கிடையாது. அவ்வாறு செய்வோர் சில நியமங்களைக் கடைப்பிடிக்க வேண்டும். தகவல்களை முன்னரே வேறிடத்தில் சேமித்தல் வேண்டும். கருவியின் சரியான மாடலுக்கும் பதிப்புக்கும் உரிய படிமத்தையே உபயோகித்தல் வேண்டும்; மாறினால் கைப்பேசி உயிரற்ற கல்லாகும். ஒரே தட்டில் ரூட் செய்து தருவதாகக் கூறும் இனந்தெரியாத செயலிகளை ஏற்றலாகாது. வங்கியில் பதிந்த சிம்மை அக்கருவியில் இடலாகாது. இருப்பது ஒரே ஸ்மார்ட்போன், அதனையே ரூட் செய்வேன் என்று உறுதி கொண்டவர், பணத்துக்குப் பொத்தான் கைப்பேசி ஒன்றை வைத்துக்கொள்வாராக. 2022 மார்ச்சில் வந்த யுபிஐ 123பே அதிலும் இயங்கும்.

இது கோழையின் புத்திமதி என்று சிலர் சினக்கக்கூடும். உரிமை நமதென்றால் செலுத்தத் தயங்குவானேன் என்பர். தனி ஒருவர் தம் கைப்பேசியை ரூட் செய்வதால் எந்தக் கம்பெனியும் தன் ஷரத்துகளை மாற்றிவிடப் போவதில்லை. நஷ்டம் வந்தால் அவர் ஒருவரே சுமக்க வேண்டும். கைப்பேசி விற்கும் தேசங்களில் நம்முடையது மிகப் பெரியவற்றுள் ஒன்று. இங்கு ஜனங்கள் ஒருமித்துக் கேட்பதைக் கம்பெனிகள் அலட்சியம் செய்ய இயலாது. ஐந்தே நாளில் சர்க்கார் உத்தரவு வாபஸாயிற்று என்றால், அது எவரோ ஒருவர் தம் கைப்பேசியின் பூட்டைத் திறந்ததால் அன்று. பலர் வாய் திறந்ததால் ஆயிற்று.

கேட்க வேண்டியவை எவை? பூட்லோடரைத் திறக்கலாமா என்பதைப் பெட்டியின் மேலேயே அச்சிட வேண்டும். வாங்குவோர் அறிந்து வாங்கட்டும். திறந்ததற்குச் சம்பந்தமில்லாத பழுதுக்கு வாரண்டியை மறுக்கலாகாது. அப்டேட் நிறுத்தும் நாளில் கம்பெனி சாவியை உடையவரிடம் ஒப்படைக்க வேண்டும். தான் காவாத வீட்டைத் தான் பூட்டி வைப்பது என்ன நியாயம்? கேளாமல் ஏற்றிய செயலி எதுவாயினும், கம்பெனியுடையதாயினும் சர்க்காருடையதாயினும், அதனை முற்றும் நீக்க உடையவருக்கு அதிகாரம் வேண்டும். மத்திய நுகர்வோர் விவகார இலாகா 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமையைப் பற்றிக் குழு ஒன்றை அமைத்தது. திருகாணியும் மின்கலமும் மட்டும் அவ்வுரிமையில் அடங்கினாற் போதாது. பூட்லோடரின் சாவியும் அடங்க வேண்டும்.

ஒத்தக்கடை அன்பர்கள் தங்கள் புதிய கைப்பேசியை இப்போதைக்கு உள்ளபடியே உபயோகிக்கட்டும். மாணவர்கள் பழைய கருவியில் வேலை பழகட்டும். வக்கீல்கள் மேற்கூறிய கோரிக்கைகளை மனுவாக எழுதட்டும். அம்மூன்றும் நடக்குமானால், இன்னும் சில ஆண்டுகளில் இக்கேள்வியை எவரும் பத்திரிகைக்கு எழுத வேண்டியிராது. சாவி பெட்டிக்குள்ளேயே வந்து சேரும்.